மீதமிருந்த மின்சாரம்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் இவர் அணைத்து வைத்திருந்தார். காய்கறி வாங்கிவிட்டு வந்து பார்க்கிறேன், ஆக்சிஜன் மெஷின் சத்தமே இல்லை. குழாய் மூக்கில் சும்மா தொங்குகிறது. உதடு நீலமாகிக் கிடக்கிறது, மனுஷன் சிரிக்கிறார்.

"நல்லாத்தானே இருந்தேன். எதுக்கு அது வீணா கரண்டை இழுக்கணும்?"

"உங்க மூச்சு வீணாங்க?" என்று கத்திவிட்டேன். கீழ்வீட்டு டீச்சர் என்னவோ ஏதோ என்று மாடிக்கே வந்துவிட்டார். மானம் போயிற்று.

தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய் நீராவிக் குழாய்களுக்குக் கல்நார்ப் பஞ்சு உறை சுற்றியவர் இவர். சூடு ஒரு பொட்டுக்கூட வெளியே போகக் கூடாது, அதுதான் பிழைப்பு. அந்தப் பஞ்சுத் தூள்தான் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது என்கிறார் டாக்டர். ஊரான் சூட்டையெல்லாம் மிச்சம் பிடித்துக் கொடுத்தாரே, எங்களுக்கு என்ன கிடைத்தது?

ஜூன் 4

மெஷின் ஓடுகிறதா என்று மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

மகள் போனில் அழுது ஒருவழியாக இவரை மடக்கிவிட்டாள். "மெஷின் நிக்கவே கூடாதுப்பா. அது இழுக்கிற கரண்டை வேற எதுலயாவது பிடிச்சுக்கோங்க."

இவருக்கு அது போதும். நீளக் குழாயை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்க்கிறார். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் செத்துவிட்டதாம். சுவரை ஒட்டி இருந்த ஃபிரிட்ஜை முன்னால் தள்ளச் சொன்னார்.

"பின்னாடி இடம் விடும்மா. அதுக்கும் மூச்சு விடணும்ல?"

சொல்லிவிட்டு அவரே மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 21, சனி

பல்பு எல்லாம் மாற்றியாயிற்று. பழைய ஃபேன்களும் போயின, புதுசு பாதிகூட இழுக்காதாம். டிவியை ரிமோட்டில் அணைத்தால் கணக்கில் சேராதாம், சுவிட்சையும் தட்ட வேண்டுமாம். நல்ல மாமியார் வாய்த்தார் எனக்கு!

இன்று பாத்திரம் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதைப் பழைய போர்வையால் சுற்றினார். குழாய்க்குச் சுற்றுகிற அதே கை, மடிப்பு மேல் மடிப்பாக. "பாத்திரத்துக்கு ஸ்வெட்டரா?" என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஆனாலும் சிரித்தோம். உள்ளே இருந்தது தானாகவே வெந்திருந்தது.

ஜூலை 2, புதன்

மெஷினை வாடகைக்குக் கொடுத்திருக்கிற மெஷின்காரர் வந்து இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுத்தார். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும். பெட்டி முகப்பில் ஐந்து சின்ன விளக்குகள். சார்ஜ் குறையக் குறைய ஒவ்வொன்றாக அணையும்.

"மத்ததை எல்லாம் அணைச்சுட்டா ரொம்ப நேரம் தாங்கும் சார்" என்றார். யாரிடம் போய் என்ன சொல்கிறார்!

இவர் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கென்னவோ பயமாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

விடியும்போதே புயல். கரண்ட் இல்லை. மெஷின் பேட்டரியில் ஓடுகிறது. ஒரு விளக்கு அணைந்துவிட்டது, நாலு பாக்கி. கரண்ட் எப்போது வருமோ. மழை விட்டிருக்கிறது, கடைக்குப் போய் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வந்துவிடுகிறேன்.

"அணைச்சீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்று சொல்லிவைத்தேன். தலையாட்டினார். டீச்சர் அவ்வப்போது எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 20, ஞாயிறு

எழுத வரவில்லை. எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

அன்று வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, சுற்றிச் சுற்றி வந்தேன். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போதே தெரிந்துவிட்டது — சத்தம் இல்லை. நாற்காலியில் சாய்ந்திருந்தார். கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. பெட்டியில் நாலு விளக்கு எரிகிறது. நான் கிளம்பும்போது இருந்த அதே நாலு.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான் எட்டிப் பாத்தப்போ நல்லாத்தான் பேசினாரு. 'ரோடெல்லாம் அடைச்சிருக்காம், அவ வர நேரமாகும். ராத்திரிதான் மூச்சு ரொம்ப முட்டும், அதுக்கு வச்சுக்கணும்'னாரு. மெஷினை அணைக்கிறதைத்தான் சொல்றாருன்னு எனக்குப் புரியலையே!"

ராத்திரிக்கு வச்சுக்கணுமா? பாவி மனுஷா, ராத்திரி வரைக்கும் நீங்க இருந்தாத்தானே! யாருக்குச் சேத்து வச்சீங்க? எனக்கா? நான் கேட்டேனா?

ஜூலை 26

மெஷினை எடுத்துப் போனார்கள். இன்வெர்ட்டரைக் கழற்றவா என்று கேட்டார் மெஷின்காரர். இருக்கட்டும் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

சாயங்காலம் கரண்ட் போனது. தெரு முழுக்க இருட்டு.

என்ன வேகமோ, எழுந்து எல்லாவற்றையும் போட்டேன். எல்லா அறை விளக்கும், எல்லா ஃபேனும், டிவியும். ஓடட்டும், தீரட்டும், ஒழியட்டும் என்று பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

மகள் கூப்பிட்டாள், கரண்ட் இல்லை என்றேன். "கரண்ட் இல்லன்னியே, என்னம்மா டிவி சத்தம்?"

"அப்பா மிச்சம் வச்சதைச் செலவு பண்ணிட்டிருக்கேன்டி."

அவள் அப்புறமும் போனை வைக்கவில்லை.

கரண்ட் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அத்தனையும் ஓடியும் ஒரே ஒரு விளக்குதான் அணைந்திருந்தது.