மையத்து விளையாட்டு

ஓகஸ்ட் 4, ஞாயிறு
பலத்த கச்சான் காற்று. கருவாடு காயப்போட்ட பாய்கள் இரண்டு பறந்தன. துரத்திப் பிடித்தேன். ஊர் சிரித்தது.

பின்னேரம் மகள் நஸ்ராவோடு களப்பில் குளிப்பு. குப்புற மிதந்தாள். மையத்து விளையாட்டு என்று நினைத்தேன். மூச்சடக்கிச் செத்தவள் போல் கிடப்பது, நான் பழக்கியதுதான். கரையில் நின்று சிரித்துக் கை தட்டினேன். “வெளயாடினது காணும் மகள், எழும்புங்க! வாப்பா அழுதுட்டேன்!”

எழும்பவில்லை. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த மச்சான் வள்ளத்திலிருந்து குதித்துத் தூக்கினான். தண்ணீர் கக்கினாள், மூச்சு வந்தது. அல்ஹம்துலில்லாஹ். என் வாயில் இன்னும் அந்தச் சிரிப்பு.

5, திங்கள்
ஆஸ்பத்திரி. வெக்கை. ஜின் பார்த்திருக்கும், ஓதிப் பாருங்க என்று பக்கத்துக் கட்டில்காரி. டொக்டர் மிஸ் மகளுக்கு இ.சி.ஜி. எடுத்தார். பிறகு என் சட்டையையும் கழற்றச் சொன்னார்.

“எனக்கு ஒண்டுமில்லையே மிஸ்.”

“பரம்பரையா வாற வருத்தமா இருக்கலாம். படுங்க.”

தொப்பையைப் பார்த்து நஸ்ரா சிரித்தாள். அதுவே போதும்.

8, வியாழன்
இருவருக்கும் இருக்கிறது. இதயத் துடிப்பில் பிறவிக் கோளாறு, அபூர்வமானதாம். எங்கள் குடும்பத்தில் அபூர்வமாக நடந்தது இதற்கு முன் ஒன்றுதான்: நான் கணக்கில் பாஸ் பண்ணியது.

நாற்பத்துநாலு வயது வரை எனக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்று கேட்டேன்.

“ஆம்பிளைப் பிள்ளைகளுக்குச் சின்ன வயசிலதான் ஆபத்துக் கூட. வளர வளரக் குறையும். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு, பெரியபிள்ளை ஆன பிறகுதான் கூடும்.”

நஸ்ராவுக்குப் பன்னிரண்டு. என் ஆபத்தான வயதை நான் பட்டம் விட்டுக் கழித்திருக்கிறேன். அவளுடையது இனித்தான். கொடுத்தது நான்.

பஸ்ஸில் மனைவி: “மவுத்த வெச்சி வெளயாடாதீங்கண்டு எத்தின தரம் சென்னேன்?” சாவை வைத்துப் பகிடி விட்ட வாயால் மருந்துச் சீட்டை வாசித்துக் காட்டினேன்.

குளிசை தினமும். நீச்சல் கூடாது.

10, சனி
நஸ்ராவிடம் சொன்னேன். அழவில்லை.

“அப்ப வாப்பாவும் களப்புல எறங்கப்படாதா?”

டொக்டர் என்னைக் கவனமாக இருக்கச் சொன்னார், அவ்வளவுதான். “ஓம் மகள், எனக்கும் தடை,” என்றேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் குப்புறக் கிடந்தாள். உலுக்கினேன்.

“நித்திர வாப்பா! உசிரோடதான் ஈக்கிறன். போங்க.”

போனேன். கருவாட்டுப் பாய்க்குக் கயிறு எடுக்க வந்ததாகப் பொய் சொல்லித் திரும்பவும் உள்ளே வந்தேன்.