குற்றாலத்தில் ஒழுகாத இடம்

1911 ஜூலை 3, திங்கள். குற்றாலம்.

தாலுகா கச்சேரியில் லீவு வாங்கிக்கொண்டு, மனைவி வடிவம்மாள், மகள் ஞானம்பாளுடன் வந்து சேர்ந்தேன். தென்காசி ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டி. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் வடிவு என்னைப் பார்த்தாள். நான் மாட்டைப் பார்த்தேன்.

பங்களா என்று சொன்னது நான்தான். வீட்டுக்காரர் அசன் முகம்மது ராவுத்தர் அப்படிச் சொல்லவில்லை. அவர் எழுதிய கடிதம் பெட்டியில்தான் இருக்கிறது: 'வீடு பழசு. ஓடு ஒழுகும். வாசல் கதவைத் தூக்கித் தள்ள வேண்டும். குரங்கு வரும். சம்மதமானால் வரலாம்.'

நம் பக்கத்தில் எந்தப் பெரிய மனிதர் தம் வீட்டை நல்ல வீடு என்று சொல்லியிருக்கிறார்? மச்சு வீட்டுக்காரர் 'நம்ம குடிசைக்கு ஒரு நாள் வாங்க' என்கிறார். இலை நிறையப் பரிமாறிவிட்டு 'ஏதோ கஞ்சி' என்கிறார். ராவுத்தரும் அந்த அடக்கத்தில்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். அதோடு நின்றேனா? அம்பாசமுத்திரம் ஐயம்பெருமாள் பிள்ளைக்கு, 'குற்றாலத்தில் பங்களா அமர்த்தியிருக்கிறோம், பெண்ணை அங்கேயே வந்து பார்க்கலாம்' என்று எழுதியும் தொலைத்தேன். பன்னிரண்டாம் தேதி வருகிறார்கள்.

ஜூலை 4, செவ்வாய்.

கதவு. இடது கையால் தூக்கி, வலது தோளால் இடித்து, கீழே ஓர் உதை. மூன்றும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். நான் தனித்தனியாகச் செய்கிறேனாம், ஞானம் சொல்கிறாள். அவளுக்கு முதல் தடவையே திறந்தது.

ஜூலை 5, புதன்.

சாரல் பிடித்துக்கொண்டது. பதினோரு இடத்தில் ஒழுகுகிறது. குண்டா, செம்பு, உருளி எல்லாம் தரையில். சமைக்கப் பாத்திரம் இல்லை என்று வடிவு முணுமுணுக்கிறாள். கூடத்தில் மர அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு மட்டும் ஒழுகவில்லை. அங்கே உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். வடிவு வந்து, "கொஞ்சம் எந்திரிங்க, அரிசிப் பானையை வைக்கணும்" என்றாள். இப்போது நனைந்துகொண்டு எழுதுகிறேன்.

ஜூலை 7, வெள்ளி.

குரங்கு என் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோய்விட்டது. இந்த வரி கோணலாக இருந்தால் காரணம் அதுவே.

ஜூலை 8, சனி.

ஞானம் வாழைப்பழம் கொடுத்துக் கண்ணாடியை மீட்டாள். ஒரு பக்கம் விரிசல். பாதகமில்லை, வீடு பாதிதான் தெரிகிறது.

ஜூலை 9, ஞாயிறு.

ராவுத்தர் வந்தார். ஓடுகளை மாற்றித் தரச் சொன்னேன்.

"சாரல்ல எவன் அண்ணாச்சி ஓட்டு மேல ஏறுவான்? வழுக்கி விழுந்துருவான். நான்தான் எல்லாத்தையும் எழுதியிருந்தேனே?"

"நீங்க அடக்கமா சொல்லுதியன்னு நினைச்சேன்."

"ஒழுகுததுல என்ன அண்ணாச்சி அடக்கம்?" என்றார்.

ஜூலை 11, செவ்வாய்.

நாளை வருகிறார்கள்.

ஞானத்துக்குப் பத்தொன்பது நடக்கிறது. இதற்கு முன் இரண்டு இடம் வந்தது. வயலை விற்றுவிட்டோம் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் பேச்சை விட்டுவிட்டார்கள். அதனால்தானே இந்த ஜம்பம்? ஆடி பிறக்க ஐந்தாறு நாள்தான். இதுவும் தட்டிப்போனால்? எம்புள்ள வாழ்க்கைய நானே கெடுத்துட்டேனா?

உடம்புக்கு முடியவில்லை என்று தந்தி அடித்து நிறுத்திவிடலாமா என்று ஞானத்திடம் கேட்டேன். அவள் உருளித் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்தாள்.

"இன்னொரு பொய்யாப்பா? வயல் போனதையும் நாளைக்கு நீங்களே சொல்லிருங்க. ஒழுகுத வீட்டுல உக்காந்துக்கிட்டு எதை மறைக்கப் போறோம்?"

கோபப்பட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள்.

ஜூலை 12, புதன்.

நல்ல மழை. வண்டிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறக்க ஓடினேன். நான் போவதற்குள் வெளியிலிருந்தே ஒரு தூக்கு, ஒரு இடி, ஒரு உதை. மூன்றும் ஒன்றாக. கதவு திறந்துகொண்டது. வாசலில் ஐயம்பெருமாள் பிள்ளை, பின்னால் அவர் மனைவியும் மகன் சிவசண்முகமும்.

பிள்ளை அண்ணாந்து பார்க்கவேயில்லை. குண்டாக்களை விலக்கி விலக்கி நடந்து, அரிசிப் பானையைப் பைய நகர்த்திவிட்டு, அந்த ஒழுகாத இடத்தில் போய்ச் சம்மணம் போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கும் முந்திக்கொள்வோம் என்று படபடவென்று கொட்டிவிட்டேன்: "இது பங்களா இல்ல. எங்க வயலையும் வித்தாச்சு."

"வயல் சங்கதி எனக்குத் தெரியும் அண்ணாச்சி. உங்க வாயால வருதான்னு பாக்கத்தான் வந்தேன். வீடு, வண்டி திரும்புனதும் தெரிஞ்சு போச்சு. ஆறு வருசத்துக்கு முன்ன எம் மூத்தவளைப் பொண்ணு பாக்க, நானும் இங்கனதான் வரச் சொன்னேன்."

"ராவுத்தர் காயிதம் எழுதலியா?"

"எழுதினாரு. அடக்கம்னு நினைச்சுட்டேன்."

"அப்போ நீங்களும் பங்களான்னா எழுதுனிய?"

"மாடி வச்ச பங்களான்னு எழுதுனேன் வே!"

வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சம்பந்தம் அவருக்கு அமையவில்லையாம். ஒழுக்கினால் அல்ல, அவர் எழுதிய பொய்யினால். அப்புறம் மூத்தவளுக்கு மூன்று வருஷம் வேறு வரன் வரவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

ஞானம் காப்பி கொண்டு வந்தாள். சிவசண்முகத்தின் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் கூச்சப்பட்டு நகராமல் இருந்தான். அவள் காப்பியை வைத்துவிட்டு, "இந்தப் பக்கம் தள்ளி இருங்க" என்று அங்கே ஒரு செம்பை வைத்தாள். தள்ளி உட்கார்ந்தான்.

ஆவணியில் முகூர்த்தம்.

ஜூலை 13, வியாழன்.

மழை விடவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 15, ஞாயிறு. பாளையங்கோட்டை.

ஞானம் அம்பாசமுத்திரம் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை, வடிவுக்கும் தெரியவில்லை. தேடும் சாக்கில் இருவரும் அவள் பெயரைச் சொல்லிக்கொள்கிறோம்.

தலைதீபாவளிக்குச் சம்பந்தி வீட்டாரை அழைக்க வேண்டும். 'எங்கள் எளிய குடிசைக்கு எழுந்தருளி' என்று தொடங்கி, கிழித்துப்போட்டேன். நேற்று மழையில் நம் கூடத்திலும் ஓரிடம் சொட்டியது. வேறு தாள் எடுத்து இப்படி எழுதினேன்:

'வீடு பழசு. கூடத்தில் ஓரிடம் ஒழுகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் வரவேண்டும். எங்களுக்கு ஞானத்தைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது.'

வடிவு வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஒழுகுததையுமா எழுதுவாக?" என்றாள். பிறகு கடைசி வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.