ஐந்தாவது கொக்கி

அன்புள்ள மேஸ்திரிக்கு,

வாரா வாரம் போனில் பேசுகிறவன் எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தான் என்று பயந்துவிடாதே. இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் சீராக இருக்கிறது. பெரியவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. சின்னவளுக்கு இன்னொரு பல் விழுந்தது. எனக்கு முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. லிஃப்ட் ரிப்பேர்காரனுக்கு லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்தானே வேலை.

இதைப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் எங்கள் பரிசோதனைப் படிவத்தின் பின்பக்கம். முன்பக்கத்தில் பிரேக், கதவு, விளக்கு என்று நிறைய டிக் இருக்கும், கண்டுகொள்ளாதே. எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று நீ சிரிப்பதும் இங்கே வரை கேட்கிறது.

போனில் ஏன் சொல்லவில்லை என்றால், போனில் எனக்கு நான்கு நிமிடம்தான். வீட்டுக்கு மேஸ்திரி நீ, நீ போட்ட அட்டவணைதானே அது. இருபது நிமிடத்தில் உன் அப்பாவுக்கு நான்கு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஆறு, மிச்சம் எனக்கு. சின்னவள் சமையலறை டைமரை முறுக்கிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். நேற்று என் முறை முடிய அரை நிமிடம் இருக்கும்போது நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். "நீங்கதான் எல்லாத்தையும் அழகா சமாளிக்கிறீங்களே. ஆஸ்பத்திரியில இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. கையெழுத்துப் போட்டுடட்டுமா?" என்றாய். நான் "உன் இஷ்டம்மா" என்றேன். டைமர் அடித்துவிட்டது.

அந்தப் பதில் பாதிதான் உண்மை. மாதக் கடைசிக்குள் நீ அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றாய். அதனால் மீதிப் பாதியை இன்றைக்கே எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நீ கிளம்பும்போது நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாயே, அதை வாங்கிப் பார்த்து 'இது வீடா, ஆபரேஷன் தியேட்டரா' என்று கிண்டல் செய்தவன் நான்தான். அந்த வார்த்தையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நான்கு பக்கமும் பிளாஸ்டிக் உறைக்குள் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. சுவர்க் காலண்டரில் ஆளுக்கொரு நிறப் பேனா. வாசல் பக்கத்துத் தட்டில் சாவி, அடையாள அட்டை, பள்ளியிலிருந்து வரும் காகிதங்கள். புத்தகப் பையை மாலையிலேயே அடுக்கி வைப்பது. ஞாயிறு காலை பத்து நிமிடம் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்த வாரத்தைப் பேசி முடிப்பது. இதற்குத் தலைவி சின்னவள்தான். யாராவது நடுவில் பேசினால் கரண்டியால் மேசையைத் தட்டுவாள். அதிகம் தட்டு வாங்குவது உன் அப்பா.

அவருடைய மாத்திரை டப்பாவில் ஏழு நாளுக்கும் ஏழு அறை இருக்கிறதல்லவா, காலியான அறைகளில் பெப்பர்மின்ட் போட்டு வைக்கிறார். திறந்து பார்த்து ஒன்றும் இல்லாவிட்டால் ஏமாந்த மாதிரி இருக்கிறதாம். துணி அலமாரிக்கு நான் தட்டுத் தட்டாகச் சீட்டு ஒட்டினேன். தொழில் புத்தி, கீழ்த்தட்டைத் தரைத்தளம் என்று எழுதிவிட்டேன். இப்போது குளியலறையிலிருந்து, "மாப்பிள்ளை, மூணாம் தளத்துலேருந்து ஒரு துண்டு" என்று குரல் வருகிறது.

எல்லாவற்றையும் விட நிலைத்து நின்றது கொக்கிப் பலகைதான். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். விஷயமே அதில்தான் இருக்கிறது. நாங்கள் லிஃப்ட் போகும் பள்ளத்துக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் அவரவர் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்டுவோம். பூட்டைப் போட்டவன்தான் எடுக்க வேண்டும். மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. அதையே நாம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் பத்துக் கொக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வேலையின் பெயர். யார் அந்த வேலையை ஏற்கிறார்களோ அவர்கள் தங்கள் அட்டையை அதில் மாட்ட வேண்டும். முடித்த பிறகு அவர்கள்தான் எடுக்க வேண்டும். 'நீ செய்வேன்னு நெனச்சேன்' என்ற பேச்சு இந்த வீட்டில் அன்றோடு ஒழிந்தது.

இந்தச் சட்டத்தை எவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள். உன் அப்பா பலகையில் இருக்கிற அட்டை போதாதென்று குளியலறைக் கதவுக்குத் தனியாக ஒன்று செய்துகொண்டார். ஒரு நாள் குளித்துவிட்டு, அட்டையை எடுக்க மறந்து, பேப்பர் வாங்கப் போய்விட்டார். கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் அட்டை தொங்குகிறது. நான் அழைப்பு வந்து அதிகாலையிலேயே வேலைக்குப் போயிருந்தேன். இரண்டு பெண்களும் துண்டும் கையுமாக முக்கால் மணி நேரம் வெளியே நின்றிருக்கிறார்கள். பெரியவள் கடைசியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாளாம். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். நம் ஏற்பாடு இவ்வளவு பலமாக இருக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

மணி ஆகிவிட்டது, கீழே கூப்பிடுகிறார்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

செவ்வாய், அதே அறை.

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். போனில் சொல்கிற அதே நல்ல செய்திகள்தான். இதைத்தான் இருபத்திரண்டு மாதமாக உனக்குச் சொல்லி வந்திருக்கிறேன். நீ அங்கே நிம்மதியாக வேலை பார்க்க வேண்டும் என்று சொன்னேன். இரண்டு முறை, இரண்டு பிரசவத்துக்காக, தள்ளிப்போட்ட வாய்ப்பு அது. மூன்றாவது முறையும் அது கைநழுவக் காரணம் நானாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அது தப்பில்லை. ஆனால் நல்லதை மட்டுமே சொல்லிச் சொல்லி, நீ இல்லாவிட்டாலும் இங்கே ஒரு குறையும் இல்லை என்று உன்னையே நம்ப வைத்துவிட்டேன். அது தப்பு.

பெரியவள் வயதுக்கு வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். அதற்கும் நீ ஒரு பெட்டி எடுத்து வைத்து, உள்ளே எது எதற்கு என்று சீட்டு எழுதி, உன் அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தாய். அவள் போனில் உன்னிடம், "பெட்டி இருந்துச்சும்மா, ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று சொன்னாள். அது உண்மை. அவள் உன்னிடம் சொல்லாதது, அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் என்பது. உன் சீட்டையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. உன் நான்கு பக்கத்தில் அதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இப்போது சின்னவள். நீ கிளம்பிய காலை நினைவிருக்கிறதா? அவளுக்கு முடி வெட்டிவிட்டுப் போவதாக இருந்தாய். ஆறு வாரத்துக்கு ஒரு முறை, குளியலறை முக்காலியில் உட்கார வைத்து, பழைய போர்வையைக் கழுத்தில் சுற்றி, காதுக்குக் கீழே ஒரு விரல் விட்டு நீதான் வெட்டுவாய். ஐந்தாவது கொக்கியில் உன் அட்டையைக்கூட மாட்டிவிட்டாய். அதற்குள் டாக்ஸி வந்துவிட்டது. "அம்மா வந்து வெட்டுறேன்" என்று அவள் தலையைத் தடவிவிட்டு ஓடினாய். அந்த அட்டை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. நான் தினமும் பார்ப்பதுதான். உன் பெயர் அங்கே இருப்பது எனக்கும் பிடித்திருந்ததால் விட்டுவிட்டேன்.

அவள் முடி இப்போது பாதி முதுகுக்கு வந்துவிட்டது. வீடியோவில் பார்த்து, "என் தங்கத்துக்கு எவ்வளவு அழகா வளர்ந்திருக்கு" என்று நீ கொஞ்சினாய். ஆசையாக வளர்க்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். சனிக்கிழமை அவள் பையைத் துவைக்கப் போட்டபோது அடியில் மடித்து மடித்துச் சிறிதாக்கிய ஒரு காகிதம் கிடைத்தது. வாசல் தட்டுக்கு வராமல் போன ஒரே காகிதம் அதுதான். நீச்சல் ஆசிரியை எழுதியிருந்தார். முடி தொப்பிக்குள் அடங்கவில்லை, வெட்டிவிட்டால்தான் தண்ணீரில் இறங்கலாம் என்று. தேதி பார்த்தால் மூன்று வாரத்துக்கு முந்தையது. நீச்சல் என்றால் உயிரை விடுகிற பெண், மூன்று வாரமாகக் குளத்து ஓரத்தில் மற்றவர்கள் துண்டுகளுக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

உடனே சலூனுக்கு அழைத்துப் போனேன். நாற்காலியில் ஏறவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். திட்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பலகையின் முன்னால் நிறுத்தினாள். உன் அட்டையைக் காட்டினாள். நான் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "நீங்க எடுக்கக் கூடாதுப்பா. போட்டவங்கதான் எடுக்கணும். நீங்கதானே சொன்னீங்க" என்றாள். உலகத்துக்கெல்லாம் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன் ஏழு வயதுப் பெண்ணிடம் தோற்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அதற்கு மறுநாள்தான் நீ போனில் கையெழுத்தைப் பற்றிக் கேட்டாய். டைமரைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில்தான் நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. நீ வைத்த பிறகு நேரே சமையலறைக்குப் போய் ஐந்தாவது கொக்கியைப் பார்த்துவிட்டு வந்தாள். "அம்மா கையெழுத்துப் போட்டுட்டா அந்த அட்டையை என்னப்பா பண்றது?" என்று கேட்டாள். அழவில்லை. ஞாயிறு கூட்டத்தில் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

எங்கள் வேலையில் இதற்கும் ஒரு வழி உண்டு. ஒரு முறை எங்கள் ஆள் ஒருவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு விடுப்பில் ஊருக்குப் போய்விட்டார். லிஃப்ட் நாள் முழுக்க நின்றது. இருந்தும் நாங்கள் பூட்டை உடைக்கவில்லை. அவரைக் கூப்பிட்டோம். பாதி வழியில் பஸ் மாறித் திரும்பி வந்து, அவர் கையாலேயே திறந்தார். உடைப்பதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. பூட்டியவர் இனி வரமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால், மூன்று பேர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு உடைக்கலாம். சின்னவளிடம் இதைச் சொன்னேன். "நான் போடமாட்டேன்" என்றாள். பெரியவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "நானும்தான்" என்றாள். உன் அப்பா கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

குழந்தையைக் காட்டி உன்னை மடக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. என்னைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். எனக்கு நீ வேண்டும். காலண்டரும் பலகையும் வீட்டை நடத்துகின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து சாவியைத் தட்டில் போடும்போது, அந்தச் சத்தத்தைக் கேட்டு உள்ளேயிருந்து யாராவது என்னைத் திட்ட வேண்டும் போல் இருக்கிறது. இரண்டு வருடம் என்று மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். நான்கு வருடத்துக்கு என்னிடம் ஏற்பாடு இல்லை.

அந்த வேலை உனக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நீ இங்கே வந்தாலும் அதே வேலையை விடாமல் செய்ய நான் எத்தனை கொக்கியில் வேண்டுமானாலும் என் அட்டையை மாட்டுவேன். அங்கேயே இருப்பதுதான் சரி என்று உனக்குப் பட்டால் இரு. வேலைக்காக இரு. 'வீட்டில் நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறதே' என்று எண்ணிக் கையெழுத்துப் போடாதே. அப்படி இருப்பதானாலும், ஒரு வாரம் வந்து அவளிடம் நீயே சொல்லிவிட்டுப் போ. அதை மட்டும் என்னைச் செய்யச் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே சாப்பிடாதே. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். அதில் என் இஷ்டம் முழுதாக இருக்கிறது.

உன் கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். பழைய போர்வை துணி அலமாரியில், தரைத்தளத்தில் இருக்கிறது. முக்காலி குளியலறையிலேயே இருக்கிறது. நீச்சல் வகுப்பு ஒவ்வொரு வியாழக்கிழமையும்.

உன்
நான்கு நிமிடக்காரன்