இடுப்பில் இருந்த துவக்கு

மார்கழி 1996, வெள்ளி இரவு

நித்திரை வரவில்லை. இன்று, புலம்பெயர்ந்து வந்த இந்த நகரின் வோபர்ன் பக்கம், ஒரு பிளாசா வாசலில் பாங்க் காசுப் பைகளைக் காவல் கம்பனியின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். "தம்பி தமிழோ? ஊரில எவடம்?" என்று பின்னால் ஒரு குரல். திரும்பினேன். ஊரில் ஆமி சுற்றிவளைத்த அன்று முகமூடிக்குள் இருந்து தலையாட்டி, என் அண்ணனைக் காட்டிக்கொடுத்தவன்; பிறகு முகமூடி இல்லாமல் ஆமியோடு திரிந்தபோது அந்த முகத்தைக் கண்டிருக்கிறேன். கையில் மரக்கறிப் பை, முகத்தில் சிரிப்பு.

ஊரைச் சொன்னேன். அண்ணனின் பெயரையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. என் கை தானாக இடுப்புத் துவக்குக்குப் போய்விட்டது.

"கையை எடும்," என்றார் கூட வேலை செய்யும் மரியண்ணை. "உது காசைக் காக்கத் தந்தது. உருவினீரெண்டால் பொலிஸ் பிடிச்சு மறியலில போடுறது உம்மைத்தான்."

எனக்கும் தெரியும். உயிருக்கு ஆபத்து வந்தால்தான் உருவலாம். வேலை முடிந்தால் வீட்டுக்கும் கொண்டுவர முடியாது. கையை எடுத்தேன். அவன் போய்விட்டான். பின்னேரம் ரவைகளைக் கழற்றி, துவக்கைக் கம்பனியில் பூட்டக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அன்னதானம். எங்கள் ஆட்கள் எல்லாரும் வருவார்கள், அவனும் வருவான். சாப்பாட்டு வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்று, அண்ணனின் கதையை எல்லாருக்கும் கேட்கச் சொல்லப்போகிறேன். வாய்க்கு லைசென்ஸ் தேவையில்லை.