நெஞ்சில் ஏழு பிளாஸ்திரி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

தோலில் ஒட்டினால் நாள் முழுக்க மருந்து இறங்கும் பிளாஸ்திரி செய்கிறோம் என்றேனே, அதைச் சோதனைக்காகப் போட்டுக்கொள்ளும் பெரியவர் நேற்று தலைசுற்றலோடு வந்தார். எங்கள் மருந்தாளுநர் அக்கா சட்டையைக் கழற்றச் சொன்னார். நெஞ்சில் ஏழு பிளாஸ்திரி!

"தினம் ஒண்ணு ஒட்டணும்னு சீட்டுல போட்டிருந்துச்சு, ஒட்டினேன். பழசைப் பிய்க்கச் சொல்லலையே!" என்றார்.

அந்தச் சீட்டை எழுதியவன் நான்தான்.

அக்கா எல்லாவற்றையும் பிய்த்தெடுத்த பிறகு பெரியவர் தெளிந்துவிட்டார், கவலைப்படாதீர்கள்.

திருத்திய சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். எதைச் சொன்னாலும் நூறு கேள்வி கேட்பீர்கள், நான் எரிந்து விழுவேன். இங்கே என்னை அப்படிக் கேட்க யாருமில்லை. ஒன்று விடாமல் கேட்டு எழுதுங்கள், அப்பா.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்