டிரம் தின்ற நூல்

வெண்ணந்தூர்,
17-10-1956.

சௌபாக்கியவதி சௌந்திரத்துக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நாகபுரியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், இங்கேயும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் போன வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்காத அப்பாவை நீ பார்த்ததே இல்லை, உன் அம்மா பயந்துபோய் மிளகு ரசம் வைத்தாள், அதுவும் இறங்கவில்லை. நம் நெசவாளர் சங்கத்தில் பாவு ஓட்டுகிற ராசம்மாள் நூல் திருடுகிறாள் என்று அம்மா போன கடிதத்தில் எழுதியிருந்தாள் அல்லவா, அது நான் வந்து சொல்லித்தான் அவள் எழுதியது, ஆகையால் மீதியையும் நானே எழுத வேண்டியிருக்கிறது.

தறியின் நீளவாட்டு நூலான பாவைச் சுற்றும் டிரம் உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதில் ஏறிச் சுற்றி அடி வாங்கியிருக்கிறாய். ஒரு சுற்று மூன்று கெஜம், இருபது சுற்றுக்கு அறுபது கெஜம், இது நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் கணக்கு. ஆவணியில் அதன் சட்டங்களில் சிராய் கிளம்பி நூலை அறுத்துக்கொண்டிருந்தது, தச்சனுக்காகக் காத்திருக்காமல் நானே பழைய சட்டங்களின் மேல் ஒரு அங்குலக் கனத்தில் புதுச் சட்டம் வைத்து அடித்தேன், மேஸ்திரி கை என்றால் இதுதான் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் பத்து ராத்தல் கட்டு ஒவ்வொன்றிலும் ஒன்பது அவுன்ஸ் நூல் காணாமல் போக ஆரம்பித்தது. சுற்றுகிறவள் ராசம்மாள், நூல் அலமாரிச் சாவி அவள் இடுப்பில், வேறு யாரைச் சொல்வார்கள். தலைவர் வெங்கடாசலம் கூட்டிவைத்துக் கேட்டபோது அவள், "நூல நான் தொடலீங்க, அந்த டிரம்முதான் தின்னுது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அதில் நான்தான் பலமாகச் சிரித்தேன், அதற்கும் என்னைப் போல வயிறு வைத்திருக்கும் என்று வேறு சொல்லிவைத்தேன். டிரம் சரியாக இருக்கிறதா என்று தலைவர் என்னைக் கேட்டார், அதே டிரம், அதே இருபது சுற்று என்று சாட்சி சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் அவள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும் என்று முடிவாயிற்று. திருடி என்று பேரெடுத்தவளுக்கு இந்த வட்டாரத்தில் ஒருத்தரும் பாவு தர மாட்டார்கள், அவளை நம்பி இரண்டு பெண் குழந்தைகள். அணைக்கும்போது கை கொஞ்சம் நடுங்கினாலும் போதும், ஊருக்கு அதுவே சாட்சி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகையைப் பூட்டுவதற்கு முன், டிரம் தானாகச் சுழலாமல் இருக்க நடுவில் சுற்றிக் கட்டுகிற கயிற்றை எடுத்தேன். இத்தனை நாளும் அதைக் கட்டுகிறவள் ராசம்மாள், அன்றைக்கு அவள் வரவில்லை. பழைய கயிற்றோடு ஒரு புதுத் துண்டு முடிந்திருந்தது. எதற்கு இந்த ஒட்டு என்று அவிழ்த்துவிட்டுக் கட்டினேன், முடிச்சுப் போட எட்டவில்லை, அரைச் சாணுக்கு மேல் இடைவெளி. கயிறு சுருங்கிவிட்டது என்று முதலில் கயிற்றைத்தான் திட்டினேன். பிறகு டேப்பை வைத்துச் சுற்றி அளந்தேன், நூற்றெட்டு அங்குலம் இருக்கவேண்டிய இடத்தில் நூற்றுப் பதினாலுக்கு மேல். நான் வைத்தது ஒரு அங்குலச் சட்டம்தானே, ஆறு அங்குலம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு வேர்த்துவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து பரணில் இருந்த உன் கணக்கு நோட்டை எடுத்தேன். விட்டத்தை இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுத்தால் சுற்றளவு என்று உன் கையெழுத்தில் இருந்தது. ஒரு அங்குலம் இந்தப் பக்கமும் ஒரு அங்குலம் அந்தப் பக்கமும், விட்டம் இரண்டு கூடினால் சுற்று ஆறேகால் அங்குலத்துக்கு மேல் கூடுகிறது, இருபது சுற்றுக்கு ஏறக்குறைய மூன்றரைக் கெஜம். உன்னிடம் மறைக்க மாட்டேன் அம்மிணி, நோட்டைப் பரணிலேயே வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் என்ன என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். மேஸ்திரி என்ற பேர் அவ்வளவு ருசி.

நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, ராசம்மாள் ஈரப் புடவையோடு நின்றிருந்தாள். நடுவில் புகுந்து, திருடியது டிரம், அதற்குத் தீனி போட்டது நான் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. அப்படியானால் ஒவ்வொரு பாவிலும் மூன்றரைக் கெஜம் கூட இருந்திருக்குமே, நெய்தவர்கள் ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே என்றார் தலைவர். நெய்தவர்கள் எல்லாரும் கோபுரத்தைப் பார்த்தார்கள். அப்போது பெண்கள் பக்கமிருந்து நெசவாளி வீரனின் சம்சாரம் மாரக்காள், "எங்க வூட்டுக்காரரு கட்டிட்டு நிக்கற வேட்டிய அளந்து பாருங்க, ஏழு மொழம்தான் இருக்கும்" என்றாள். நாலு முழம் உண்டு, எட்டு முழம் உண்டு, ஏழு முழ வேஷ்டி உலகத்தில் எங்கே உண்டு, மிஞ்சிய மூன்றரைக் கெஜம்தான் அந்த ஏழு முழம். திரும்பிப் பார்த்தால் புது வேஷ்டி கட்டிக்கொண்டு ஐந்தாறு பேர், எல்லாருக்கும் கொசுவம் ஒரு முழம் குறைச்சல். ஒரு பெண் பிள்ளை சத்தியத்துக்கு நிற்கிறாள், அவளைக் காப்பாற்றும் வேஷ்டியையே கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று தலைவர் அவளிடம் சொன்னார். அவள் நகரவில்லை. "எனக்குன்னு ஏத்துனதுங்க, நானே அணைச்சுக்கறேன்" என்று சொல்லி உள்ளங்கையை வைத்து அணைத்தாள். கை நடுங்கவில்லை.

அடியில் இருந்த பழைய சட்டங்களைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றை அவற்றின் இடத்தில் அடித்தேன், சுற்று மறுபடி நூற்றெட்டு அங்குலம், திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். டேப்பை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். இப்போது தினமும் காலையில் டிரம்மைச் சுற்றி அளந்து, தெருவுக்குக் கேட்கும்படி அளவை நான் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் நூலைத் தொடுகிறாள். இன்று தொண்டை கட்டியிருந்ததால் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அங்கே பனி அதிகம் என்கிறார்கள், தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. தீபாவளிக்கு ரயில் டிக்கெட்டை இப்போதே வாங்கச் சொல். அந்தக் கணக்கு நோட்டைத் தேடாதே, அது இனிமேல் கொட்டகையில்தான் இருக்கும். மாரியம்மன் உங்கள் இருவரையும் நோய் நொடியில்லாமல் காப்பாற்றட்டும்.

உன் அன்புள்ள அப்பா,
பாலசுந்தரம்.