நீ போன பிறகு என் வயிறு

இன்று மத்தியானம் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர் அண்ணாச்சி ஓம வாட்டர் பாட்டிலைத் திறந்தார். கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு டூட்டிக்கு வந்தவர். மூடியைத் திருகியதும் அந்தக் கார வாசனை டீசல் நாற்றத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. கையிலிருந்த ஸ்பானரை எங்கே வைத்தேன் என்று மறந்துபோனேன். நீ அடுப்படியில் நிற்கிறாய் என்று தோன்றியது. உடனே, நீ இல்லை என்பதும் தோன்றியது.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெளிவாக இல்லை. வயிற்றைப் பற்றி எழுதுகிறேன். நாம் அதிகம் பேசியது அதைப் பற்றித்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் எனக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. ஷிஃப்ட் முடிந்து வருகிற நேரத்தில் பரோட்டா, நடுவில் டீ, டீக்கு மேல் டீ. துறைமுக பஸ்ஸில் ஏறி, பம்ப் ஹவுஸ் ஸ்டூலில் உட்கார்ந்து, மறுபடியும் பஸ்ஸில் வந்து படுப்பேன். வயிறு பானையாக உப்பும். ஓம வாட்டர் குடித்தால் ஒரு ஏப்பம் வரும். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். நீ வந்த புதிதில் அலமாரியில் கிடந்த காலி பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "இது வீடா, சாராயக் கடையா?" என்று கேட்டாய். பிறகு நீயே அடுப்படியில் ஓமம் கொதிக்க வைத்துத் தந்தாய்.

உன் அப்பா கடலில் முங்கிச் சங்கு குளித்தவர். உங்கள் வீட்டில் வயிறு என்பது தொழில் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். "வயித்துல சோத்த வச்சுக்கிட்டு முங்குனா மூச்சு நிக்காது. அப்பா நீராகாரம் குடிச்சிட்டுத்தான் வள்ளத்துல ஏறுவாரு. கரைக்கு வந்த பெறவுதான் சோறு," என்பாய். எனக்கும் அது மாதிரி ஒரு சட்டம் வந்தது. காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும். மத்தியானம் மீனோடு ஒரு கை கீரை. ராத்திரிச் சாப்பாடு பொழுதோடு. அதற்கப்புறம் பீச் ரோட்டில் நடை.

நான் டிப்ளமோ படித்தவன் என்று வாதாடினேன். நாள் பூராவும் வேலை பார்த்துவிட்டு எதற்கு வெட்டியாக நடப்பது? நீ செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாய்.

"தீ புடிச்சா தண்ணி அடிக்கதுக்குன்னு ஒரு பம்பு சும்மா கெடக்குன்னு சொன்னியளே, அத எதுக்கு அப்பப்ப ஓட்டிப் பாக்கிய?"

"ஓட்டாட்டி உப்புத் தண்ணியில இறுகிப் போகும்."

"வயிறு மட்டும் இறுகாதோ?"

நானும் செருப்பை மாட்டினேன். நடந்தேன். கொஞ்ச மாதத்தில் வயிறு கடிகாரம் போல் ஆனது. அதை நீ உன் தோழிகளிடம் சொல்லிச் சிரித்ததுகூட எனக்குத் தெரியும்.

இதில்தான் எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. வயிறு கெட்டவன் நான். நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நடந்து, கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு உனக்கு. ஒரு காய்ச்சலில் நீ போய்விட்டாய். ஒரு மெஷின் நின்றால் காரணத்தைத் தேடு என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தேடித் தேடிப் பார்க்கிறேன். ஒன்றும் சிக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் என்னைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சொந்தக்காரர்கள் மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். இட்லி வரும், அது இறங்குவதற்குள் இடியாப்பம் வரும், பிறகு ஆட்டுக்கறி. சாப்பிடாவிட்டால் அழுதார்கள். சாப்பிட்டால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எதற்கும் ருசி இல்லை. நான் அழவும் இல்லை. வயிறு கல்லாகிவிட்டது. வலிப்பது வயிறா வேறு ஏதாவதா என்றுகூட எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பிய பிறகும் அப்படியேதான். பம்ப் பக்கத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"தண்ணி குடிங்க. கீரை, பழம், கிழங்குன்னு நார் உள்ளதாச் சாப்பிடுங்க. தினமும் நடங்க. மருந்து அப்புறம். இப்படியே இருந்தா உங்கள மெஷின் பக்கத்துல விடச் சொல்லி நான் எழுதித் தர முடியாது."

"நடக்க முடியாது டாக்டர்."

"கால்ல என்ன?"

"கால்ல ஒண்ணுமில்ல. தெருவுலதான்."

அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும். மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிவதற்கு முன்னால், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் சாயங்காலம் பீச் ரோட்டில் நடந்தால் என்ன பேசுவார்கள்? ஒரு நாள் துணிந்து வாசலில் இறங்கினேன். எதிர்வீட்டுக்காரி குடத்தோடு நின்றாள். "காத்து வாங்கக் கெளம்பியாச்சா அண்ணே?" என்றாள். திரும்பி வந்துவிட்டேன். அவள் கேட்டதும் நியாயம்தானோ என்று இருந்தது. நீ இல்லாமல் என் வயிறு மட்டும் எதற்குச் சரியாக வேண்டும்?

ராத்திரிச் சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். மாமி தூக்குவாளியைக் கீழே வைத்தார்கள்.

"உங்க மாமா செத்தப்ப என்னையும் இப்படித்தான் மூலையில உக்கார வச்சாளுவ மாப்ள. எனக்கும் வயிறு கல்லாத்தான் கெடந்துச்சு. ஆருட்ட போய்ச் சொல்ல?"

மறுநாள் சாயங்காலம் வந்தார்கள். "செருப்ப மாட்டுங்க."

எதிர்வீட்டுக்காரி குடத்தோடு வாசலில்தான் இருந்தாள். மாமி அவள் வாயைத் திறக்க விடவில்லை.

"ஏளா, என் மருமவனுக்கு வெளிக்கிப் போயி நாளாச்சு. நடந்தாத்தான் எறங்கும்னு டாக்டரு சொல்லுதாரு. நீயும் வாரியா, கொடத்த வச்சிட்டு?"

தெரு முழுவதும் கேட்டது. எனக்கு அப்படியே கடலுக்குள் முங்கிவிடலாம் போலிருந்தது. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமி முன்னால் நடந்தார்கள்.

பீச் ரோட்டுக்கு வந்துவிட்டோம். மாமி உன் பேச்சையே எடுக்கவில்லை. மூச்சு வாங்க வாங்க நடந்தார்கள். திரும்பும்போது அவித்த பனங்கிழங்கு வாங்கி, நாரை உரித்து உரித்து என் கையில் வைத்தார்கள். "நல்லா மென்னுங்க, அவசரம் ஒண்ணுமில்ல." மென்றேன். வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். அடுத்தடுத்த நாளும் அதேதான்.

ஒரு நாள் காலையில் வயிறு இளகியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உன்னிடம்தானே சொல்கிறேன். கொல்லைப்புறக் கக்கூஸில் உட்கார்ந்திருந்தபோது அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வராதது, கல்லறைத் தோட்டத்தில் வராதது, அங்கே வந்தது. சத்தம் வெளியே கேட்டிருக்கும். நிறுத்த முடியவில்லை.

முகம் கழுவிவிட்டு வந்தேன். காலைச் சாப்பாடு கொண்டுவந்த மாமி அடுப்படியில் இருந்தார்கள். அவர்கள் கண்ணும் சிவந்திருந்தது. எனக்கு அப்போது பசித்தது. நிஜமான பசி. இவ்வளவு அழுதவனுக்கு அதே நிமிஷம் எப்படிப் பசிக்கும் என்று எனக்குப் புரியவில்லை. இது உனக்குச் செய்கிற துரோகமா, நீ சொல்லி வைத்த வேலையா, அதுவும் புரியவில்லை. இன்னும் அதை யோசித்துக்கொண்டுதான் தினமும் நடக்கிறேன்.

மாமி தட்டை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.